எங்கள் வீட்டு லத்தீன்

என் மகளுக்கு லத்தீன் ஆசை வந்ததற்கு என் மனைவியின் துண்டுக் கடிதங்கள்தான் காரணம்.

மனைவி வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரித் தாதி. வேலைக்குப் போகுமுன் எனக்கான கட்டளைகளை ஒரு துண்டில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவாள். மகளுக்கு மூச்சு இழுப்பு. எந்த நேரம் எத்தனை தரம் பம்ப் அடிக்க வேண்டும் என்பதை வார்ட்டில் எழுதுகிற அதே சுருக்கத்தில்தான் எழுதுவாள். ஒருநாள் அதில் ஆங்கில எழுத்தில் 'மானே' என்று இருந்தது. பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மனம் குளிர்ந்துபோய் அவளுக்குப் போன் எடுத்தேன்.

"மானே எண்டு எழுதியிருக்கிறீர்..."

"ஓம், காலமை எண்டு அர்த்தம். லத்தீன். நொக்டே எண்டால் இரவு. பம்ப் குடுத்தாச்சோ?"

குடுக்கவில்லை. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள்தான் பம்பை எடுத்துத் தானே அடித்துக்கொண்டாள். அன்று பின்னேரம் தாய் வந்ததும் வராததுமாக அவளைப் பிடித்து வைத்து, வார்ட்டில் புழங்குகிற லத்தீன் முழுவதையும் கறந்துவிட்டாள். ஸ்டாட் என்றால் உடனடியாக. பி.ஆர்.என். என்றால் தேவைப்படும்போது மட்டும். ஒரு கிழமைக்குள் "ஐஸ்கிரீம் ஸ்டாட், கத்தரிக்காய் பி.ஆர்.என்." என்று சாப்பாட்டு மேசையில் உத்தரவுகள் பிறக்கத் தொடங்கின.

அப்போது அவளுக்கு ஏழு வயது. 2011ஆம் ஆண்டு. நான் வீட்டில் இருந்தேன். பரமட்டாவில் ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞனாக வேலை பார்த்தவன். அந்த நிறுவனம் இன்னொன்றோடு சேர்ந்தபோது இரண்டு படவரைஞர்களில் ஒருவர் போதும் என்று முடிவாகியது. அந்த ஒருவர் நான் இல்லை.

மகளும் அநேகமாக வீட்டில்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் காலையில் வயிற்றுவலி. சனி ஞாயிறில் இல்லை. டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் ஏதும் நடந்ததா என்று கேட்டால் "நத்திங்" என்பாள். ரீச்சரைப் போய்க் கேட்டோம். "அருமையான பிள்ளை, சத்தமே இல்லை" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அவளைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"ஒரு வருசம் வீட்டில வைச்சுப் படிப்பியுங்கோ" என்றாள் மனைவி. "நீங்களும் சும்மாதானே இருக்கிறியள்."

அந்தச் 'சும்மா' எனக்குச் சுருக்கென்று குத்தியது. பிள்ளையை வீட்டில் படிப்பிக்க அரசாங்கத்துக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிறகு ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துப் பதிவு செய்வார். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறேன் என்று நிரப்பிக்கொண்டு போனேன். கடைசியில் 'வேறு பாடங்கள்' என்று ஒரு பெரிய வெற்றுக் கட்டம். சும்மா இருக்கிறவன் வெற்றுக் கட்டத்தை அப்படியே விடலாமா? மகளைக் கேட்டேன்.

"லத்தீன்" என்றாள்.

எழுதினேன். தபாலில் போட்ட பிறகுதான் பிரதியை மனைவி வாசித்தாள்.

"நீங்கள் லத்தீன் படிச்சனீங்களோ?"

"இல்லை."

"பிறகு?"

"ஏதும் நல்ல புத்தகம் இருக்கும். அதைப் பார்த்துப் படிப்பிக்கலாம்."

"பார்க்கிற ஆக்கள் எப்ப வருகினம்?"

"ஐஞ்சு கிழமை இருக்கு."

அவள் என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுச் சீருடையை மாற்றப் போனாள். வார்ட்டில் மோசமான நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசிவிட்டுப் போகும்போதும் அப்படித்தான் போவாளோ என்று எனக்குத் தோன்றியது.

நல்ல புத்தகம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒன்று இல்லை, நூறு இருந்தன. இணையத்தில் வீட்டுக்கல்வித் தாய்மார் கூடுகிற ஒரு தளத்தில் போய், ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த லத்தீன் பாடம் நல்லது என்று பணிவாகக் கேட்டேன். மறுநாள் பார்த்தால் எழுபது பதில்கள். அதில் ஐந்துதான் எனக்கு. மற்றவையெல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. லத்தீன் உலகத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்று கோயில் உச்சரிப்புக் கட்சி. கத்தோலிக்கப் பூசையில் சாமியார்மார் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும் என்பவர்கள். மற்றது பழைய உரோமர் கட்சி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் உரோமாபுரிச் சந்தையில் எப்படிக் கூவி விற்றார்களோ அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பவர்கள். வானத்துக்கு லத்தீனில் ஒரு சொல். முதல் கட்சி அதைச் 'சேலும்' என்கிறது. இரண்டாவது கட்சி 'கைலும்' என்கிறது. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அதற்காக ஒரு அம்மா இன்னொரு அம்மாவை, நீ பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று எழுதியிருந்தார்.

ஊரில் பார்த்து வளர்ந்த எனக்கு இயக்கப் பிரிவினைகள் புதிதல்ல. இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக இருந்து தப்பலாம் என்று நினைத்து, இரண்டு கட்சியிலும் ஒவ்வொன்று வாங்கினேன்.

முதலாவது அமெரிக்காவிலிருந்து பெரிய பெட்டியாக வந்தது. டிவிடிகள், பயிற்சிப் புத்தகங்கள், நானூறு சொல்லட்டைகள். பெற்றோருக்கென்று ஒரு கையேடு. அதில் முதல் வரியே, 'பயப்பட வேண்டாம்' என்று இருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. டிவிடியில் ஒரு அம்மா மூக்கால் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். நல்லாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பாதிப் பாடத்தில்தான் எனக்கு விளங்கியது, இது தேவாலயப் பிள்ளைகளுக்கான பாடம். ஒவ்வொரு பாடமும் ஒரு ஜெபத்தில் முடிந்தது.

இரண்டாவது, பரமட்டாவில் ஒரு தேவாலயத் திடலில் நடந்த பழம்பொருள் விற்பனையில் கிடைத்த பழைய ஆங்கிலப் பள்ளிப் புத்தகம். நீல மட்டை. இது உரோமர் கட்சி. இதில் ஜெபம் இல்லை, கொலை இருந்தது. இரண்டாம் பாடத்தில் மாலுமிகள் விவசாயிகளைத் தாக்கினார்கள். மூன்றாம் பாடத்தில் விவசாயிகள் மாலுமிகளைத் தாக்கினார்கள். நாலாம் பாடத்தில் இரண்டு பகுதியையும் ராணி பாராட்டினாள்.

"ஏன் அப்பா பாராட்டினவ?" என்று மகள் கேட்டாள்.

"பாராட்டுறது எண்ட வினைச்சொல்லைப் படிக்கவேணும், அதுக்காக."

காலையில் பெட்டி, பின்னேரம் நீல மட்டை என்று தொடங்கினோம். அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனபோது ஆபத்து வந்தது. தீபாராதனை நேரம். மணி ஓய்ந்து எல்லோரும் கைகூப்பி நிற்க, என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியில் கற்ற கிறிஸ்தவ ஜெபத்தைக் கணீரென்று முழுவதுமாகச் சொல்லி முடித்தாள். முன்வரிசை அன்ரிமார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் முருகனைப் பார்த்தேன்.

ஐயர் தட்டோடு வந்து குனிந்தார். "பிள்ளை என்ன ஸ்லோகம் சொன்னது?"

"லத்தீன்" என்றாள் மகள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "உச்சரிப்பு நல்ல சுத்தம்" என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

உச்சரிப்புச் சுத்தம் என்பதை ஏற்றுக்கொள்ளாத ஒருவர் எங்கள் பிளாட்டிலேயே இருந்தார். கீழ்வீட்டு அன்ரி. மன்னாரிலிருந்து வந்து மகனோடு இருந்தவர், கத்தோலிக்கர், நல்ல கட்டையான குரல். ஒருநாள் காலை நாங்கள் பல்கனியில் பெட்டிப் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"ஆர் இஞ்ச பூசை சொல்லுறது?"

மகளைக் காட்டினேன். அன்ரி கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டார். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் இருந்தவராம். அந்தக் காலம் பூசை முழுக்க லத்தீன்தானாம்.

"எங்க, இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

மகள் சொன்னாள்.

"சீ, ஏன் மூக்கால சொல்லுறாய்? ஆர் சொல்லித் தந்தது?"

டிவிடியைப் போட்டுக் காட்டினேன். அன்ரி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இவவுக்குத் தடிமன்" என்றார். பிறகு தானே அதைப் பாட்டாக எடுத்துவிட்டார். என்ன குரல்! பக்கத்து பிளாட்டில் ஒருவர் ஜன்னலைத் திறந்தார். நான் மெய்மறந்து கேட்டேன். முடிந்ததும், "அதுக்கு என்ன கருத்து அன்ரி?" என்றேன்.

"கருத்தோ?" அன்ரி என்னை வினோதமாகப் பார்த்தார். "அது சாமியாருக்கெல்லோ தெரியும்."

ஆக, அவருக்குச் சத்தம் தெரியும், கருத்துத் தெரியாது. எனக்கு அகராதியைப் பார்த்துக் கருத்துச் சொல்லத் தெரியும், சத்தம் தெரியாது. எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் ஒரு ஆசிரியர் வருவார். அது நடக்கிற காரியமில்லை. ஆனாலும் அன்று தொடக்கம் அன்ரி அடிக்கடி வந்தார். நீல மட்டைப் புத்தகத்தின்படி நாங்கள் வானத்தைக் 'கைலும்' என்று சொன்ன நாளில் மட்டும் கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமல் இறங்கிப் போனார். "வானம் எப்பிடியப்பா கையிலும் வரும்?" என்று படியில் நின்று கேட்டது மேலே வரைக்கும் கேட்டது.

மூன்றாம் கிழமையில் நாங்கள் முட்டுப்பட்டு நின்றோம். லத்தீனில் சொல்லின் கடைசி மாறிக்கொண்டே இருக்கும். பெண் என்றால் புயெல்லா. மாலுமி பெண்ணைப் பார்த்தான் என்றால் புயெல்லாம். ஏன் என்று மகளுக்கு விளங்கவில்லை. பெட்டியின் கையேடு நாலு பக்கம் விளக்கியது. அதை வாசித்தபிறகு எனக்கும் விளங்கவில்லை. மனைவிக்கு வேறு பிரச்சினை: கடைசியில் வந்த 'ஆம்' அவளுக்கு ஊர்க்கதை சொல்கிற 'ஆம்' ஆகக் கேட்டது. குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"புயெல்லாவாம், மாலுமியாம்... ஆர் சொன்னது உங்களுக்கு? நேர பார்த்த ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புக்குள் ஒன்று பொறி தட்டியது. எங்கள் சொற்களின் கடைசியும் மாறுகிறதுதானே? பத்து வயதில் மனப்பாடம் செய்து, பிறகு எந்தக் காலத்திலும் பயன்படாதது என்று நான் மறந்துவிட்ட வேற்றுமை உருபுகள். ஐ, ஆல், கு என்று வாய் தானாகச் சொன்னது.

"பிள்ளை, பூனை பால் குடிச்சுது எண்டுறதும் பூனை பாலைக் குடிச்சுது எண்டுறதும்... சரி, அதை விடு. மாலுமி பெண்ணைப் பார்த்தான். இதில ஆர் பார்த்தது?"

"மாலுமி."

"பெண்ணை மாலுமி பார்த்தான்?"

"அதும் மாலுமிதான்."

"மாறி வைச்சும் உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பெண்-ஐ" என்றாள் மெதுவாக. "அப்பா, தமிழிலயும் இருக்கா? நாங்க கதைக்கிறதிலயா?"

"ஓம்."

"அதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?"

எனக்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை என்று எப்படிச் சொல்வது? அன்று பின்னேரம் பழைய வரைதாள் ஒன்றை மேசை முழுக்க விரித்து, வேலை போனபிறகு தொடாத பேனைகளை எடுத்து, ஒரு படம் வரைந்தேன். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் தமிழ், நடுவில் கோடுகள். முதலாம் வேற்றுமையிலிருந்து எட்டாம் வேற்றுமை வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அளவுகோல் வைத்துக் கோடு கீறுகிறபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. மகள் ஒரு கிழமை முழுக்க வீட்டில் எல்லோருடைய வாயிலிருந்தும் உருபு பிடித்தாள். "சோறைப் போடும்" என்று நான் சொன்னால், "இரண்டாம் வேற்றுமை! ஆனா அது சோற்றை, அப்பா" என்பாள். பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தோம். நீல மட்டையும் இந்தப் படமும்தான் எங்கள் பாடத்திட்டம் என்று முடிவானது.

அதிகாரி வந்தது ஒரு புதன்கிழமை. அறுபது வயதளவில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, அமைதியானவர். கணக்குக் கொப்பி பார்த்தார், வாசிக்கச் சொல்லிக் கேட்டார், எல்லாம் நல்லது என்றார். நான் தேத்தண்ணி போட எழும்பிய நேரம் பார்த்துக் கதவு தட்டியது. அன்ரி, ஒரு தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸோடு. அதிகாரி வருகிற நாள் என்று தெரிந்து, உதவிக்கு வந்திருக்கிறார்.

"லத்தீன் என்று எழுதியிருந்தீர்கள்" என்றார் அந்த அம்மா. "நானும் பள்ளியில் நாலு வருடம் படித்தேன். எனக்காக ஒரு வசனம் சொல்வாயா?"

மகள் எழும்பி நின்று, வானம் நீலமாக இருக்கிறது என்று லத்தீனில் சொன்னாள். கைலும் என்றாள்.

"சேலும்" என்றார் அன்ரி குசினி வாசலில் நின்று.

அதிகாரி புன்னகையோடு திரும்பினார். "இல்லை, பிள்ளை சொன்னது சரி. கைலும்."

"நோ, நோ. சேலும். ஐ சிங் இன் சேர்ச்."

"தேவாலயத்தில் அப்படிச் சொல்வார்கள்தான். ஆனால் உரோமர்கள் சொன்னது..."

"தம்பி, கேளும் இவவை. பாப்பரசர் இருக்கிறது எங்கயாம்? உரோமாபுரியிலதானே?"

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரியின் கழுத்து மெல்லச் சிவந்தது. அது பழைய உரோம ஆட்சி முடிந்தபின் வந்த உச்சரிப்பு என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அன்ரி ரோல்ஸ் தட்டை மேசையில் டொக் என்று வைத்துவிட்டு, தன் கட்சிக்கு ஆதாரமாகப் பாடத் தொடங்கினார். அதிகாரியும் சும்மா இருக்கவில்லை. கதிரையிலிருந்தபடியே ஒரு வினைச்சொல்லை ஆறு வடிவத்திலும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எங்கள் பதிவுப் படிவம் அவர் மடியில் இருந்தது. இந்த வருடம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், மிகப் பொறுமையாக, "கோயில் வானத்துக்குச் சேலும், வெளியில் இருக்கிற வானத்துக்குக் கைலும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அதிகாரி முதலில் சிரித்தார். அன்ரி ஒரு ரோல்ஸை அவருக்கு நீட்டினார். ஒரு வருடத்துக்குப் பதிவு கிடைத்தது. குறிப்புப் பகுதியில், 'லத்தீன்: உற்சாகமான கலந்துரையாடல்' என்று எழுதியிருந்தார்.

அடுத்த நாள் காலையில் படத்தின் கடைசி வரிக்கு வந்தோம். எட்டாம் வேற்றுமை, விளி. ஒருவரைக் கூப்பிடுவதற்கு மட்டும் உள்ளது என்று விளக்கினேன். மகள் அந்தக் கட்டத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"ஸ்கூல்ல காலமை பேர் கூப்பிடேக்க, மிஸ் என்ர பேரில வந்து நிப்பா. பெரிசா மூச்சு எடுப்பா. பிறகு பிழையாச் சொல்லுவா. பிறகு அவவே சிரிப்பா. எல்லாரும் சிரிப்பினம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"எவ்ரி டே. எனக்கு முன்னால பதினாலு பேர். ஒவ்வொரு பேராக் கிட்ட வர வர வயிறு நோகும்." நிறப் பென்சிலை மாற்றினாள். "நேற்று அன்ரியும் வீட்டுக்கு வந்த அந்த மிஸ்ஸும் ஒரே சொல்லை வேற வேற மாதிரிச் சொன்னவை. ஆனா ஒருத்தரும் மற்ற ஆளைப் பார்த்துச் சிரிக்கேல்ல. சண்டைதான் பிடிச்சவை."

அவளுடைய பெயர் நீளமானது. எனக்குப் பிடித்த பாதியும் மனைவிக்குப் பிடித்த பாதியுமாக நாங்களே ஒட்டி வைத்தது. ஸ்கேனில் தெரியாதது அது. எழும்பிக் குசினிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு கோப்பையைக் கழுவினேன். மனைவி வந்ததும் சொன்னேன். அவள் சீருடையோடு நிலத்தில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "ரீச்சரை ஸ்டாட்டா ஒருக்காப் பார்க்கவேணும் நான்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. வேண்டாம் என்று மகள்தான் தடுத்தாள்.

அந்த வருடம் முழுக்க வீட்டில் படித்தோம். மாலுமிகளும் விவசாயிகளும் பன்னிரண்டாம் பாடத்தில் சமாதானமானார்கள். வருட முடிவில் எனக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் என் வரைபட வேலைக்கு மாதிரி கேட்டபோது, வேற்றுமைப் படத்தைத்தான் விரித்துக் காட்டினேன். எந்தக் கட்டடத்தின் திட்டம் இது என்று கேட்டார்கள்.

புது வருடம் மகளை வேறு பள்ளியில் சேர்த்தோம். முதல்நாள் அவள் ஒரு அட்டையோடு வந்தாள். தன் பெயரை ஆங்கில எழுத்தில் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, நீளமாகச் சொல்ல வேண்டிய எழுத்துகளின் தலையில் சின்னக் கோடு கீறியிருந்தாள். நீல மட்டைப் புத்தகத்தில் லத்தீன் சொற்களுக்குப் போட்டிருப்பதுபோல.

வகுப்பு வாசலில் நின்ற ரீச்சர் இளம்பெண். அட்டையை வாங்கிக் கவனமாகப் பார்த்தார். ஒருமுறை சொன்னார். பிழை.

"அதில கோடு இருக்கு, மிஸ்" என்றாள் மகள் ஆங்கிலத்தில். "நீட்டவேணும்."

ரீச்சர் இன்னொருமுறை சொன்னார், நீட்டி. கிட்டத்தட்டச் சரி.

"பரவாயில்லை" என்றாள் மகள், அட்டையை அவர் கையிலேயே விட்டுவிட்டு. "நாளைக்கும் ட்ரை பண்ணலாம்."